பக்கத்து வீட்டுக்காரி எழுதிய சாட்சிக் கடிதம்

வண்டியை நிறுத்துவதற்காக ஒரு நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்தீர்களே, அதை எங்கள் தெருவில் யாரும் செய்யமாட்டார்கள். பனியை அள்ளி இடம் பண்ணியவன் அங்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டால், பனி உருகும்வரை அந்த இடம் அவனுடையது. எதிர்வீட்டு ஸ்டாஷ் இந்நேரம் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று உங்கள் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டிருப்பார். பரவாயில்லை. நாற்காலி போட்ட ஆள் செத்து மூன்று வாரமாகிறது. எடுத்து உள்ளே வைக்க யாருக்கும் மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

உட்காருங்கள். இதற்காக ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டாம், போனில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பேன். கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து என்றதும் வழுக்கைத் தலையோடு ஒருத்தர் வருவார் என்று நினைத்தேன். நீங்கள் சின்னப் பெண்ணாக இருக்கிறீர்கள். விரலில் மோதிரத்தின் தடம் இருக்கிறது, மோதிரம் இல்லை. நான் கேட்கவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

மேஜைமேல் வைத்திருக்கும் கடிதம் நான் எழுதியதுதான். வெர்னா ஷிம்கோ, கையெழுத்து என்னுடையது, தேதியும் சரி. கீழே 'மேற்கண்டவை என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை' என்று அச்சடித்த வரிக்கு நேராகத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் அதை எந்த மனநிலையில் எழுதினேன் என்பது உங்கள் கோப்பில் இருக்காது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

இந்த வீடும் பக்கத்து வீடும் ஒரே வீடு. நடுவில் ஒரு சுவர், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் காலத்தில் சுரங்கக் கம்பெனி தொழிலாளிகளுக்குக் கட்டிக்கொடுத்தபோது செங்கல்லில் கஞ்சத்தனம் பிடித்துவிட்டார்கள். அங்கே முட்டை உடைத்தால் எத்தனை முட்டை என்று இங்கிருந்தே எண்ணிச் சொல்லலாம். நான் சுவரில் காதை வைத்துக்கொண்டு கேட்கிறேன் என்று தெருவில் பேசுவார்கள். பொய். வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பக்கம் லென்னி யூர்க்கோ, அவன் மனைவி பேட்ரிஸ், ஒரே மகள் மார்னி. லென்னி மலைபோல் ஆள். ஒரு மூச்சில் நான்கு சொல்லுக்கு மேல் பேசினால் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியவன். அலுமினியத் தொழிற்சாலையில் வேலை. பேட்ரிஸ் இரண்டு முதியோர் இல்லங்களில் மாறி மாறி வேலை பார்த்தாள், காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. சம்பாத்தியம் அவளுடையதுதான் அதிகம். வீட்டில் பேச்சு முழுக்க அவளுடையது. மூன்று வருடத்துக்கு முன்பு புற்றுநோயில் போய்விட்டாள். அடுத்த கோடையில் தொழிற்சாலையை மூடினார்கள்.

சாவதற்கு ஒரு வாரம் முன்பு பேட்ரிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "வெர்னா, மார்னிய பாத்துக்குங்க. லென்னிக்கு அவகிட்ட பேசத் தெரியாது."

பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் தட்டில் சாப்பாடு போட்டவள் நான். எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது என்று வரிசையில் நிற்கும் விதத்திலேயே தெரியும். மார்னி பள்ளி விட்டதும் நேராக இந்தச் சமையலறைக்குத்தான் வருவாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் வீட்டுப்பாடம் எழுதுவாள். முட்டைக்கோஸ் போட்டு நூடுல்ஸ் வதக்கிக் கொடுப்பேன். "ஆன்ட்டி, உங்க வீட்டு வெண்ணெய்ல ஒரு மாட்டையே முக்கி எடுக்கலாம்" என்பாள். தட்டை வழித்துச் சாப்பிடுவாள். எனக்குக் குழந்தைகள் இல்லை. அதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. உங்கள் படிவத்தில் 'மாணவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'அண்டை வீட்டார்' என்று எழுதியபோது கை கொஞ்சம் நின்றது. அதற்காகச் சொல்கிறேன்.

ஏரிக்கரையில் இருக்கும் உங்கள் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. கூடவே உதவித்தொகைக் கடிதமும் வந்தது. தொகை போதவில்லை. ஏன் போதவில்லை என்று உங்களுக்கே தெரியும். நீங்கள் பார்ப்பது இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமான வரிக் கணக்கை. அந்தக் கணக்கில் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது, பேட்ரிஸ் உயிரோடு இருந்தாள்.

மார்னி கடிதத்தைக் கொண்டுவந்து இதே மேஜையில் போட்டாள். "பாருங்க ஆன்ட்டி. இவங்க கணக்குல அம்மா இன்னும் ரெண்டு வேல பாத்துட்டு இருக்காங்க" என்று சிரித்தாள். சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப்புறம் லென்னியிடமும் அதையே சொன்னாள். அவன், "அதுலயாவது இருக்காளே" என்றான்.

பள்ளியில் மாணவர் ஆலோசகர் டெல்ப் என்று ஒருத்தர், நல்ல மனுஷர். சூழ்நிலை மாறிவிட்டது என்று மேல்முறையீடு செய்யலாம், பலருக்குக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொடுத்தார். இறப்புச் சான்றிதழ் வேண்டும், தொழிற்சாலை மூடியதற்குக் கடிதம் வேண்டும். குடும்பத்தைச் சேராத, குடும்பத்தை நன்றாகத் தெரிந்த ஒருவரின் சாட்சிக் கடிதமும் வேண்டும். அதை அவர் நேரடியாக உங்களுக்கு அனுப்ப வேண்டும். மே முதல் தேதிக்குள் மாணவர் சேருவதாகச் சொல்லிவிட வேண்டும்.

குடும்பத்தை நன்றாகத் தெரிந்தவர் என்றால் இந்தத் தெருவில் வேறு யாரிடம் போவாள்?

படிவத்தை என்னிடம் நீட்டுவதற்கு முன்பு அதில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டாள். "நீங்க எழுதறத நான் எப்பவும் கேட்டு வாங்கிப் பாக்க மாட்டேன்னு இதுல எழுதிக் குடுக்கணுமாம். அப்பத்தான் எழுதறவங்க மனசு விட்டு எழுதுவாங்களாம்."

"யோசிச்சுக் கையெழுத்து போடும்மா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீங்கதான எழுதறீங்க."

நீங்கள் தப்பாக நினைக்கக்கூடாது, ஆனால் அந்தக் கட்டத்தை யார் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். தன்னைப் பற்றி அடுத்தவர் என்ன எழுதுகிறார் என்று தெரிந்துகொள்ளும் உரிமையைப் பதினேழு வயதுப் பிள்ளை ஒரு டிக்கில் விட்டுக்கொடுத்துவிடுகிறது. எங்கள் தெருவில் யாரும் யாருக்கும் அப்படி விட்டுக்கொடுத்ததில்லை. எனக்கு நிச்சயமாக விட்டுக்கொடுத்ததில்லை.

முதலில் நான் நல்ல கடிதம்தான் எழுதினேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று பக்கம். பேட்ரிஸ் கடைசி மாதத்தில் படி ஏற முடியாமல் முன்னறையில் படுத்திருந்தது, லென்னி வேலை தேடி மூன்று ஊர் சுற்றியது, மார்னி பள்ளிக்கு ஒரே குளிர்கோட்டை மூன்று வருடம் போட்டது, எல்லாம் எழுதினேன். படித்துப் பார்த்து நானே அழுதேன். உறையில் போட்டு, மறுநாள் அனுப்பலாம் என்று இந்த ரொட்டிப் பெட்டிமேல் வைத்திருந்தேன்.

மறுநாள் மார்னி வந்தாள். அன்று அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்லூரியின் படப் புத்தகத்தைக் கொண்டுவந்து, இது விடுதி, இது நூலகம், இந்த ஏரி உறைந்துவிடும், அதன்மேல் நடக்கலாம் என்று காட்டிக்கொண்டே போனாள். அறையில் கூட இருக்கப்போகும் பெண்ணோடு அப்போதே போனில் பேச்சு தொடங்கிவிட்டதாம். நவம்பரில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு வருவாயா என்று கேட்டேன்.

"அப்ப பஸ் கெடையாதாம் ஆன்ட்டி. அந்தப் பொண்ணோட வீட்டுக்குப் போகலாம்னு இருக்கேன். கிறிஸ்துமஸுக்கு வர்றேன்." பக்கத்தைப் புரட்டினாள். "முடிஞ்சா."

அவள் போன பிறகு தட்டைக் கழுவினேன். அவள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. நான் நினைத்ததெல்லாம் பேட்ரிஸைத்தான். அம்மா இல்லாத பெண், ஆறு மணி நேரத் தொலைவு, உறைந்த ஏரிமேல் நடக்கலாம் என்கிறாள். பார்த்துக்கொள்ளச் சொன்னது என்னிடம். உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது அப்படி யாராவது கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்களா?

முதல் கடிதத்தை அடுப்பில் போட்டு எரித்தேன். இரண்டாவது ஒரு பக்கம்தான் வந்தது. அதுதான் இது.

இதில் இருப்பதில் பெரும்பகுதி உண்மை. லென்னி புது ட்ரக் ஓட்டுகிறான் என்று எழுதினேன், ஓட்டினான். ஞாயிறுதோறும் அவன் தம்பி கார்ல் வந்து கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறான் என்று எழுதினேன், பேசினார்கள். ட்ரக் கார்லுடையது, லென்னியின் வண்டி ஓடாததால் இரவல் கொடுத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். கராஜில் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் அழுவான், தம்பி பக்கத்தில் நிற்பான், அதுவும் தெரியும். படிவத்தில் அதைக் கேட்கவில்லை.

நடுவில் இருக்கும் அந்த ஒரு வரியைத்தான் நீங்கள் பச்சை மையில் கோடிட்டு வைத்திருக்கிறீர்கள். 'மனைவியின் ஆயுள் காப்பீட்டுத் தொகை பெருந்தொகையாக வந்ததென்றும், அதை அவர் தம்பியின் பெயரில் போட்டு வைத்திருக்கிறார் என்றும் அறிகிறேன்.'

அதை நான் புதிதாக உட்கார்ந்து கற்பனை செய்யவில்லை. தெருவில் அந்தப் பேச்சு இருந்தது. தீயணைப்பு நிலைய மண்டபத்தில் பிங்கோ சீட்டு ஆடும்போது ஸ்டாஷே என்னிடம் கேட்டார்.

"லென்னிக்கு இன்ஷூரன்ஸ் பணம் கொட்டிருச்சாமே வெர்னா?"

"யாரு சொன்னா?"

"நீதான போன வாரம் சொன்ன."

"அப்ப உண்மையாத்தான் இருக்கும்" என்றேன். மேஜையே சிரித்தது. ட்ரக்கைப் பார்த்த அன்று ஏதோ ஒரு பேச்சுக்கு, வந்திருக்குமோ என்னமோ என்று நான்தான் சொல்லிவைத்தேன். ஒரு வாரத்தில் அது ஊரைச் சுற்றிவிட்டு, யாரோ சொன்னது போல என்னிடமே திரும்பி வந்தது. ஆகவே 'அறிகிறேன்' என்று எழுதினேன். அந்தச் சொல்லில் பிழை இல்லை.

மார்னியின் உறையோடு என் உறையையும் நானே தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அவள் நன்றி சொல்லி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

பத்து நாளில் நீங்கள் லென்னிக்கு எழுதினீர்கள். காப்பீட்டுத் தொகை பற்றியும், வேறொருவர் பெயரில் இருக்கும் பணம் பற்றியும் ஆவணம் அனுப்பும்படி. யார் சொன்னது என்று எழுதவில்லை. சரியான நடைமுறை. அன்று சாயங்காலம் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இன்ஷூரன்ஸ்னு போட்டிருக்காங்க. எந்த இன்ஷூரன்ஸ்?"

"கெடையாது."

"கெடையாதுன்னா ஏன் கேக்கறாங்க?"

"தெரியல."

"கார்ல் சித்தப்பா ஏன் உனக்கு ட்ரக் குடுத்தாரு?"

"என்னோடது ஓடல."

"ஞாயித்துக்கெழம கராஜ்ல ரெண்டு பேரும் என்ன பேசறீங்க?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு அவன் எழுந்து போவது கேட்டது. மகளிடம் எப்படிச் சொல்வான், அழுகிறேன் என்று? உண்மையைப் பேசுகிறவன் இத்தனை சிக்கனமாகப் பேசினால் யார்தான் நம்புவார்கள். பொய் சொல்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் மெனக்கெடுவார்கள்.

மார்னி இங்கே வந்தாள். கதவோரம் நின்றபடியே கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்குத் தெரியாம இந்தத் தெருவுல ஒண்ணும் நடக்காது. அப்பாவுக்குப் பணம் வந்துச்சா?"

"எங்கிட்ட கேக்காத கண்ணு. உங்கப்பாவ பத்தி நான் ஒரு வார்த்த சொல்லமாட்டேன்."

கவனியுங்கள், அவளிடம் நான் பொய்யே சொல்லவில்லை. அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, புரியுது" என்றாள்.

லென்னி உங்களுக்கு ஒரே வரியில் பதில் எழுதினான், அப்படிப் பணம் எதுவும் இல்லை என்று. இல்லாத பணத்துக்கு அவன் எந்த ஆவணத்தை அனுப்புவான்? ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி மறுப்புக் கடிதம் வந்தது. 'குடும்பத்தின் வெளியிடப்படாத வளங்களைக் கருத்தில் கொண்டு' என்று மரியாதையாக எழுதியிருந்தீர்கள். மே முதல் தேதி போனது. மார்னி இந்த மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அப்படி ஒரு அழுகையை அவள் அம்மா போனபோதுகூட நான் கேட்கவில்லை. "அம்மா பணம் ஆன்ட்டி, அம்மா செத்த பணம். அதக் கூட எனக்குக் குடுக்க மனசு வரல அவருக்கு." நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் கை நடுங்கவில்லை. அதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னீர்கள்.

அந்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மாடியறைக்கு வந்துவிட்டாள். நெடுஞ்சாலையோரக் கிடங்கில் வேலை, பெட்டிகளை ஸ்கேன் பண்ணி அடுக்குவது. விடியற்காலை போய் சாயங்காலம் நாலரைக்கு வருவாள். அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு வருடம் ஒரு சொல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் இந்தப் பக்கம் ரேடியோவைக் கூட்டி வைப்பாள். கொஞ்சநாளில் அவன் இருமலைத் துணியில் அடக்கப் பழகிக்கொண்டான். எனக்குக் கேட்கும்.

ஒருமுறை தபால் பெட்டி பக்கத்தில் என்னைப் பார்த்து நின்றான். எங்கள் இரண்டு பெட்டிகளும் அடுத்தடுத்து இருக்கின்றன, வரும்போது பார்த்திருப்பீர்கள்.

"வெர்னா, யாரோ தப்பா சொல்லிருக்காங்க" என்றான்.

"யாரா இருக்கும் லென்னி?"

"தெரியல. கெட்டவங்களா இருக்காது. தப்பா கேட்டிருப்பாங்க." பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். "அவ நல்லா சாப்பிடறா. வாசன வருது. நீங்க இருக்கறது பெரிய விஷயம்."

அவன் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அன்று உள்ளே வந்து கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டேன். சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அடுப்பில் சூப் வைத்திருந்தேன், அது பொங்கியது, எழுந்து போனேன்.

அந்தச் சமயத்திலிருந்து அவனுக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மாதம் இரண்டு, சில மாதம் மூன்று. கம்பெனி உறைகள். இவனுக்கு யார் இத்தனை எழுதுகிறார்கள் என்று எனக்கும் மண்டை குடைந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை, கெட்டி உறை.

இனி பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் அதைக் கேட்கவில்லை, உங்கள் கோப்பில் அது இல்லை. ஆனால் சொல்லாவிட்டால் மற்றது முழுமையாகாது.

இந்த ஊரில் பனிக்காலத்தில் ஆறு மணிக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் ஐந்துக்கே எழுந்து வண்டியைத் தோண்டி எடுக்க வேண்டும். மார்னியின் வண்டி மட்டும் தினமும் தயாராக இருக்கும். கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி, சக்கரத்தைச் சுற்றி அள்ளி, உப்புத் தூவியிருக்கும். அவள் போனதும் நாற்காலி அந்த இடத்துக்கு வந்துவிடும். சாயங்காலம் அவள் வரும்போது நாற்காலி நகர்ந்திருக்கும். முதல் வருடம், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, "ஆன்ட்டி, நீங்களா? வலிக்கிற முட்டிய வெச்சுக்கிட்டா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு நேரமாயிரக் கூடாதுல்ல" என்றேன். அது ஒரு பதிலே இல்லை. அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். லென்னியும் அள்ளி முடித்துத் தன் வீட்டு வாசலுக்குத் திரும்பிவிடுவான், அவள் மாடிவிளக்கு எரிந்ததும். பார்த்துவிட்டால் அவள் அந்த வண்டியில் ஏறமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அந்த விதத்தில் நாங்கள் இருவரும் ஒத்துழைத்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

மூன்று வாரத்துக்கு முன்பு பெரிய பனி. முழங்கால் உயரம். நான் இந்த ஜன்னலில் காபியோடு நின்றிருந்தேன். லென்னி அள்ளி முடித்தான். கண்ணாடியைச் சுரண்டினான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தான். அவன் ஒருநாளும் அப்படி உட்காரமாட்டான். மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையை நெஞ்சில் வைத்து, முன்னால் கொஞ்சம் சாய்ந்தான்.

மார்னி மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் வரும், சத்தம் கேட்டு அவள் இறங்கி ஓடுவாள், மண்வெட்டியோடு அவனைப் பார்ப்பாள். இரண்டு வருடம் யார் அள்ளினார்கள் என்று தெரிந்துவிடும். இளைப்பாறுகிறான், எழுந்து உள்ளே போய்விடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்து நிமிடம். பனி அவன் தொப்பிமேல் சேர்ந்துகொண்டே இருந்தது. அவன் அதைத் தட்டிவிடவில்லை. தட்டிவிடாதபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. காபியை முடித்தேன்.

மார்னிதான் போய்ப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் தெருவே வெளியே வந்தது. ஸ்டாஷ் செருப்பில்லாமல் ஓடிவந்தார். நானும் கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். அவள் பனியில் மண்டியிட்டு அவன் கையுறையைப் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"தெனமும் அப்பாதானா?"

"எப்பவாவது" என்றேன்.

அடக்கம் முடிந்து, அவன் சாமான்களை ஒழிக்கும்போது கட்டிலுக்கடியில் ஒரு ஷூ பெட்டி இருந்தது. அதில் இருந்ததைத்தான் அவள் உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். இந்த நாட்டில் இருக்கும் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளின் முகவரியை நூலகத்தில் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் லென்னி எழுதியிருக்கிறான். என் மனைவி பேட்ரிஸ் யூர்க்கோ பெயரில் உங்களிடம் பாலிசி இருந்ததா, இல்லையென்றால் இல்லை என்று எழுதித் தரவும், என் மகளின் கல்லூரிக்குக் காட்ட வேண்டும். நாற்பத்தொரு பதில். எங்களிடம் அப்படி எதுவும் இல்லை, எங்களிடம் இல்லை, வருந்துகிறோம், இல்லை. இன்னும் எழுத வேண்டியவற்றின் பட்டியலில் பதினேழு மிச்சம் இருந்தது. எல்லாம் சேர்ந்த பிறகு மொத்தமாக அனுப்பலாம் என்று இருந்திருக்கிறான். எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டான், அது அவன் குணம்.

அதை அவள் இங்கே உட்கார்ந்துதான் படித்தாள், ஒவ்வொன்றாக, சத்தமாக. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாவதைப் படித்ததும் பெட்டியை என் பக்கம் தள்ளினாள். மீதியை என்னைப் படிக்கச் சொன்னாள். படித்தேன். "அப்பாகிட்ட நான் ஒரு தடவ கூட திரும்பிக் கேக்கல ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு வாரமாக அவள் சாப்பிடுவதில்லை. வேலை விட்டு வந்து கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நான் கல் இல்லை. லென்னிக்காக நானும் அழுதேன். நல்ல அண்டை வீட்டுக்காரன்.

சரி, அந்தத் தாளைக் கொடுங்கள். நான் எழுதியது பொய் என்று எழுதிக் கொடுத்தால் அவள் மனுவை மறுபடி பரிசீலிப்பீர்கள், வருகிற இலையுதிர்காலத்திலேயே சேரலாம், முழு உதவியும் கிடைக்கும். அவ்வளவுதானே? எழுதுகிறேன். காப்பீடு எதுவும் இல்லை. முன்பு அந்தக் கடிதத்தை எழுதும்போதே அது எனக்குத் தெரியும். லென்னி யூர்க்கோ எந்தப் பணத்தையும் மறைக்கவில்லை. மார்னி போகக்கூடாது என்பதற்காக எழுதினேன். வேறு காரணம் இல்லை. ஜன்னல் விஷயத்தையும் எழுதட்டுமா? நீங்கள் எழுதச் சொல்லவில்லை என்றால் விட்டுவிடுகிறேன். சரி, எழுதுகிறேன். முகம் வெளுத்துவிட்டதே உங்களுக்கு, தண்ணீர் குடியுங்கள்.

இதோ, கையெழுத்து.

யார் எழுதியது என்று அவளிடம் சொல்லியாக வேண்டும் என்கிறீர்கள். சொல்லுங்கள். நான் தடுக்கவில்லை, நாலரைக்கு வந்துவிடுவாள், இருந்து நீங்களே சொல்லிவிட்டுப் போங்கள். உடைந்துபோவாள். பாவம், அம்மா இல்லை, அப்பாவும் இல்லை, இப்போது இது வேறு. ஆனால் நீங்கள் அவளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அழவேண்டும் என்றால் அவள் இந்தச் சமையலறைக்குத்தான் வருவாள். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?